அறுத்த குழாயில் ஒரு தட்டு

டங்.

ஒரே ஒரு தட்டு. அசுந்தா துணி பிழிந்துகொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினாள்.

துணி பிழிந்துகொண்டிருந்தாள் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம். அரை வாளிக் கலங்கல் தண்ணீரில் கணவனின் படுக்கை விரிப்பை முக்கி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அதே வாளிக்குள் திரும்பப் பிழிந்து, அந்தத் தண்ணீரிலேயே அடுத்த துணியையும் முக்கி எடுக்கிற வேலை அது. ஆகஸ்ட் மாதத்தில் அந்தத் தெருவில் துவைப்பது என்றால் அழுக்கை ஒரு துணியிலிருந்து இன்னொரு துணிக்கு மாற்றுவது. அவ்வளவுதான்.

உச்சிப்பொழுது. சிசிலியின் நடுவயிற்றில், மலைமுகட்டில் தொற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய நகரம் மரச் சன்னல்களை இழுத்துச் சாத்திக்கொண்டு இருட்டுக்குள் படுத்திருந்தது. வெளியே கல் பாவிய தெருவில் வெயில் மட்டும் நடந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் சின்னப் பிள்ளைகளை வாசலுக்கு விடமாட்டார்கள். வெயிலுக்காக என்று சொல்வார்கள். வெயிலுக்காக மட்டும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சத்தம் தெருவிலிருந்து வரவில்லை. சுவரிலிருந்து வந்தது. கணவன் துரியின் கட்டிலுக்குப் பின்னால், தரையிலிருந்து கூரைவரை ஓடுகிற பழைய இரும்புக் குழாயிலிருந்து.

அந்தக் குழாய் எதோடும் சேர்ந்தது இல்லை. குழாய் வேலை பார்க்கும் நினோ போன மார்ச்சில் அவள் கண்ணெதிரே தரைத்தளத்தில் ரம்பம் வைத்து அறுத்து, அறுத்த வாயில் ஒரு மரக்கட்டையைத் திணித்து, "இனிமே இது வெறும் இரும்புதான் அசுந்தாக்கா, துணி காயப்போட வெச்சுக்கோங்க" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தான்.

அவள் துரியைப் பார்த்தாள். பக்கவாதம் வந்து விழுந்ததிலிருந்து அவன் உடம்பில் மிச்சமிருப்பது இடது கையும் இரண்டு கண்களும்தான். கண்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. இடது கையில் டீஸ்பூன். அதுதான் அவனுடைய நாக்கு. தாகமென்றால் கட்டில் கம்பியில் ஒரு தட்டு, திருப்பிப் படுக்க வேண்டுமென்றால் இரண்டு. அந்த டீஸ்பூன் இப்போது கம்பியை நோக்கி எழும்பிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்யா."

ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஈரக்கையோடு போய் டீஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டாள்.

அப்போது கீழ்வீட்டிலிருந்து, நடு மாடியிலிருந்து, கிழவர் லிபோரியோ பதில் தட்டினார்.

டங், டங்.

பிறகு, மூச்சு விடுகிற நேரம்தான். கீழே ஒரு தகர வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

*

அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு.

தண்ணீர் தினமும் வருகிற ஊர் இல்லை அது. வாரத்துக்கு ஒருமுறை வந்தால் புண்ணியம். தெருவுக்கு அடியில் கிடக்கும் இரும்புக் குழாய்க்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. விடுகிற தண்ணீரில் பாதியை மண் குடித்துவிடும். மீதி வரும்போது முதலில் பள்ளத்து வீடுகளுக்கு வரும், தரைத்தளத்துக்கு வரும், கடைசியில்தான் மேல்மாடிக்கு ஏறும். அதனால் முதலில் தண்ணீர் கண்டவர் கரண்டியால் குழாயைத் தட்ட வேண்டும். தரைத்தளம் ஒரு தட்டு, நடு மாடி இரண்டு, மேல்மாடி மூன்று. கேட்டுவிட்டது, நான் இருக்கிறேன், எனக்கும் விட்டு வை என்பது அந்தப் பதிலின் பொருள். பதில் தட்டாதவருக்குத் தண்ணீர் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்கள். இரும்பு ஒரே எலும்பாகத் தெரு முழுக்க ஓடியதால் ஒரு வீட்டில் தட்டினால் அடுத்த வீடு கேட்கும், அது தட்டினால் அதற்கடுத்தது. தண்ணீர் வருகிற நாளில் தெருவே மணியடித்த மாதிரி இருக்கும்.

அசுந்தாவின் வீட்டில் தட்டுவது துரியின் வேலை. நல்லாயிருந்த காலத்தில் குளித்துக்கொண்டிருந்தாலும் ஓடிவந்து தட்டுவான். இப்போதும் அந்தப் பழக்கம் விடவில்லை. யாராவது கதவைத் தட்டினால், எங்காவது சுத்தியல் சத்தம் கேட்டால், உடனே கட்டில் கம்பியில் மூன்று தட்டு. கை சரியாக வராததால் இரண்டு வேகமாக விழும். கொஞ்சம் பொறுத்து, வழுக்கினாற்போல, மூன்றாவது.

கிழவி நுன்சியா இருந்த நாள்வரை அந்தக் கட்டடத்தில் முதல் தட்டு அவளுடையதுதான். தரைத்தளத்தில் தனியாக இருந்தாள். யார் போனாலும் ஒரு தம்ளர் தண்ணீரில் சோம்புச் சாராயம் இரண்டு சொட்டு விட்டு, பால் மாதிரி வெளுத்ததும் கையில் கொடுப்பாள். அவள் அடுப்படியே சோம்பு மணக்கும்.

கட்டடத்து வாசலுக்கு நேரே தெருவில் ஓர் ஈரத் திட்டு இருந்தது. கொளுத்துகிற கோடையிலும் காயாது; குருவிகள் வந்து குடிக்கும். தண்ணீர் அலுவலகத்துக்குச் சொன்னால் ஓர் ஆள் வருவான், திட்டைச் சுற்றிச் சிவப்புச் சாயத்தால் ஒரு வட்டம் போடுவான், போய்விடுவான். சாயம் மங்கினால் மறுபடி வந்து வட்டம் போடுவான். தெரு முழுக்க அப்படி வட்டங்கள். நுன்சியா மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள்: "என் தரைக்கு அடியில யாரோ தண்ணி குடிக்கற மாதிரி சத்தம் வருது."

மார்ச்சில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், டங் என்று ஒரு தட்டு கேட்டது. அன்று தண்ணீர் முறை இல்லை. வருகிற தண்ணீரிடம் முறை கேட்பார்களா? லிபோரியோ இரண்டு தட்டினார். அசுந்தா மூன்று தட்டினாள். வாளிகளை வைத்தார்கள். தண்ணீர் வரவில்லை. மறுபடி டங். மறுபடி மரியாதையாகப் பதில். "கேட்டுச்சு தாயி, கேட்டுச்சு, பொறு!" என்று லிபோரியோ கத்தக்கூடச் செய்தார். சாயங்காலம்வரை தட்டிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம்வரை இவர்களும் பதில் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு நின்றுவிட்டது. "கெழவிக்குப் பொழுது போகல" என்று வாளிகளை எடுத்து வைத்தார்கள்.

மறுநாள் ரொட்டிக்காரன்தான் பார்த்தான். நுன்சியாவின் அடுப்படி அங்கே இல்லை. கசிந்த தண்ணீர் வருடக்கணக்காக மண்ணை அரித்து அரித்து, மேலே தரை ஓடு மட்டும் நின்றிருக்கிறது. பள்ளத்தில் மேசை கிடந்தது, நாற்காலி கிடந்தது. மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாயில் ஓரிடம் மட்டும் துரு போய்ப் பளபளவென்று மின்னியது. கரண்டி பட்ட இடம்.

நுன்சியா இல்லை.

தேடினார்கள். தேடத் தேட மண் சரிந்தது. கடைசியில் லாரி லாரியாக சிமெண்ட் கலவையைக் கொட்டி மூடினார்கள். தெருவின் பழைய குழாய் முழுவதையும் அறுத்துவிட்டு, சுவரோரமாகக் கறுப்பு பிளாஸ்டிக் குழாய் ஒன்றை இழுத்துக் கட்டினார்கள். அதில் காற்றுதான் அதிகம் வந்தது.

*

வெயில் தாழ்ந்ததும் பால்கனியில் லிபோரியோவின் குரல் கேட்டது.

"அசுந்தா! ஏம்மா, தூங்கிட்டியா, செத்துட்டியா?"

"செத்தா குளிப்பாட்டத் தண்ணி வேணுமே பெரியவரே. அதான் தள்ளிப் போட்டிருக்கேன்."

கிழவர் இருமி இருமிச் சிரித்தார். எழுபத்தெட்டு வயது. மனைவி போனபின் கீழே இறங்குவதையே விட்டுவிட்டு, கயிறு கட்டிய கூடையைத் தெருவுக்கு இறக்கி ரொட்டியும் சிகரெட்டும் வாங்கிக்கொள்கிறவர்.

"உன் கூடைய இறக்கு. ஒண்ணு போடறேன்."

இறக்கினாள். இழுத்தபோது கூடை கனத்தது. ஒரு பாட்டில். கண்ணாடி வேர்த்திருந்தது. தண்ணீர். கலங்கல் இல்லை, துரு இல்லை. ஒரு மிடறு குடித்தாள். பல் கூசுகிற குளிர்ச்சி. நாக்கின் கடைசியில், மெல்ல, வேறொன்று.

"சோம்பு போட்டீங்களா?"

"நானா? நான் சாராயத்தத் தண்ணியில கலந்து பாழாக்குவேனா?"

"எங்கேருந்து வந்துச்சு?"

"பழைய கொழாயில."

"அது அறுத்த கொழாய் பெரியவரே. நானே பாத்தேன்."

"அறுத்துட்டாங்கன்னு அதுக்கு யாரும் சொல்லல போல." சிகரெட் பற்றவைக்கிற சத்தம். "தட்டுச்சு. பதில் குடுத்தேன். வந்துச்சு. இந்த வயசுல கேள்வி கேட்டுக்கிட்டு நிக்க எனக்குத் தெம்பு இல்லம்மா."

"யாருக்குப் பதில் குடுத்தீங்க?"

கிழவர் தன் கூடையை இழுத்தார். கயிறு கம்பியில் உரசியது.

"அன்னிக்கும்தான் குடுத்தோம்" என்றார்.

அசுந்தா உள்ளே வந்து பாட்டிலை மேசையில் வைத்தாள். கொட்டிவிட வேண்டும் என்று நினைத்தாள். கொட்டவில்லை. கொட்டுகிற அளவுக்கு அந்த வீட்டில் யாரும் பணக்காரர் இல்லை.

*

மறுநாள் காலையில் லொரெட்டா வந்தாள். வாரம் ஒருமுறை வீடுவீடாக வருகிற நர்ஸ். நல்ல பெண்தான், கை வேகம், வாய் அதைவிட வேகம். துரியைத் திருப்பிப் போட்டு முதுகுப் புண்ணைப் பார்த்ததும் அந்த வாய் நின்றுவிட்டது.

"அக்கா. இது இப்படியே போனா எலும்பு தெரியும்."

"தொடைக்கத்தான் செய்யறேன்."

"எதுல? இந்த வாளியிலயா?" லொரெட்டா வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்களக் குத்தம் சொல்லல. மருந்து நான் போடுவேன், தண்ணிக்கு நான் எங்க போவேன்? மாதா திருநாள் முடியறவரைக்கும் தண்ணி லாரியும் வராதாம். நான் எழுதிக் குடுத்தாகணும். திருநாளுக்கு மறுநாள் வண்டி வரும். கீழ ஊரு நோயாளிகள் இல்லத்துக்குக் கொண்டு போயிருவாங்க."

"அங்க போனவங்க யாரும் திரும்பி வந்ததில்ல."

"இங்க வெச்சா மட்டும்?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதென்று உடனே அவள் தோளைத் தொட்டாள். "புண்ணு ஆறட்டும், சுத்தமா இருக்கட்டும். நானே கிழிச்சுப் போட்டுடறேன். எனக்கென்ன ஆசையா?"

அவள் போனபிறகு துரி டீஸ்பூனால் தட்டவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்த நிலைமையிலும் உன்னை அங்கே அனுப்பமாட்டேன் என்று விழுந்த அன்றே அவன் காதில் சொல்லியிருந்தாள். அவளுக்கு அறுபது நெருங்குகிறது. இடுப்பு போய்விட்டது. தூக்கம் போய்விட்டது. கையில் மிச்சமிருந்தது அந்த ஒரு வாக்குதான்.

உச்சிப்பொழுது வந்தது. வெயில் சன்னல் இடுக்குகளில் கத்தி மாதிரி நின்றது.

டங்.

அசுந்தா எழுந்திருக்கவில்லை.

டங், டங். லிபோரியோ.

கீழே தண்ணீர் விழுந்தது. கொழுத்த, வட்டமான, நிறைகிற சத்தம். வாளியின் அடியில் முதலில் கூர்மையாக, ஏற ஏறக் கனமாக. அந்தச் சத்தத்தைக் கேட்டால் நாக்கு தானாக உதட்டைத் தடவும். முதுகுப் புண்ணின் நாற்றமும் பிழிந்த துணியின் புளித்த வாடையும் கலந்த அந்த இருட்டு அறையில் உட்கார்ந்து அவள் அதைக் கேட்டாள். ஒரு வாளி. இன்னொரு வாளி. பிறகு நின்றது.

காத்திருந்தது.

அவள் துரியின் கையிலிருந்து டீஸ்பூனை வாங்கினாள். ஒரு மனுஷி எவ்வளவுதான் பயப்பட முடியும்? பயப்படுவதற்கும் தெம்பு வேண்டும்.

டங், டங், டங்.

சுவருக்குள் ஏதோ ஏறி வந்தது. மெதுவாக. படியேறும் கிழவியைப் போல நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறி. பழைய இரும்போடு சேர்ந்த பித்தளைத் திருகுகுழாய் ஒருமுறை இருமியது. பிறகு கட்டை விரல் தடிமனுக்குத் தண்ணீர்.

*

அதன்பின் தினமும் வந்தது.

விரிப்புகள் வெளுத்தன. துரியை அவள் தலையோடு குளிப்பாட்டினாள். தண்ணீர் முதுகில் பட்டதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். புண்ணின் ஓரங்கள் உலர ஆரம்பித்தன. அவன் உடம்பில் சோம்பு மணத்தது. தலையணையில் மணத்தது. அவள் கைகளில், ரொட்டியில், எல்லாவற்றிலும். முதலில் பிடிக்கவில்லை. பிறகு பழகிவிட்டது. எதுதான் பழகாது?

சில விஷயங்களை அவள் கவனித்தாள். கவனித்துவிட்டு ஒதுக்கி வைத்தாள்.

நிறைத்து வைத்த வாளிகளில், தட்டு கேட்பதற்குச் சற்று முன்பே, தண்ணீரின் மேல் மெல்லிய வளையங்கள் ஓடின. குழாயை ஒட்டிய தரை ஓடு முன்பு மிதித்தால் திடமாக இருந்தது. இப்போது காலிப் பெட்டி மாதிரிச் சத்தம் கொடுத்தது. மேல்மாடித் தரை அது. அதற்குக் கீழே லிபோரியோவின் கூரைதான் இருக்க வேண்டும். அந்த ஓட்டில் காது வைத்துக் கேட்கலாம் என்று ஒருமுறை குனிந்தாள். குனிந்தவரைக்கும் போதும் என்று நிமிர்ந்துவிட்டாள்.

துரி தூங்குவதில்லை. சுவரையே பார்த்தான். அந்தக் கண்களில் பயம் இல்லை. வாசலில் யாரோ தெரிந்தவர் நிற்கிற மாதிரி ஒரு பார்வை.

"என் அடுப்படித் தரை கொஞ்சம் எறங்கின மாதிரி இருக்கு" என்றார் லிபோரியோ பால்கனியிலிருந்து. "தண்ணி குடிச்சுக் குடிச்சு எனக்கு வெயிட்டு ஏறிடுச்சு போல."

"வெளையாடாதீங்க. நினோவக் கூப்பிட்டுக் காட்டுங்க."

"காட்டி? வட்டம் போட்டுட்டுப் போவானுங்க. என்னைச் சுத்தியும் ஒண்ணு போடச் சொல்லலாம்." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அசுந்தா, தட்டு நெருக்கமா கேக்குது, கவனிச்சியா? மொதல்ல ஆழத்துலேருந்து வந்துச்சு. நேத்து என் கொழாய்க்குப் பின்னாடியே நின்னு தட்டற மாதிரி."

"அப்ப பதில் குடுக்காதீங்க."

"நீ நிறுத்துவியா?"

அவள் உள்ளே துரியைத் திரும்பிப் பார்த்தாள். திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. புண் இன்னும் முழுசாக ஆறவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் போதும். கொஞ்சம்தான்.

*

ஆகஸ்ட் பதினைந்து. மாதா விண்ணேற்புத் திருநாள். அந்த விண்ணேற்பின் பெயரையே சுமக்கிற அசுந்தாவின் பெயர்த் திருநாளும் அதுதான். காலையில் கோவில் மணி அடித்தது, துரி மூன்று தட்டினான், அவள் சிரித்தாள். பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, தெரு சன்னல்களைச் சாத்திக்கொண்டது.

கழுவிய தட்டைத் துடைத்துக்கொண்டே பால்கனிக்கு வந்தவள் நின்றாள்.

லிபோரியோவின் கூடை தெருவில் கிடந்தது. கயிறு மேலே அவர் பால்கனி வரைக்கும் தொய்ந்து தொங்கியது. கூடைக்குள் காலையில் ரொட்டிக்காரன் போட்டுவிட்டுப் போன ரொட்டி. எறும்பு மொய்த்துக் கறுத்திருந்தது.

"பெரியவரே!"

பதில் இல்லை.

"தூங்கிட்டீங்களா, செத்துட்டீங்களா?" என்று அவருடைய வசனத்தையே சொல்லிப் பார்த்தாள். குரல் தெருவின் வெயிலில் விழுந்து காய்ந்துபோனது.

கீழே போகத் திரும்பினாள். வாசல் வரை வந்து, ஏதோ தோன்றி, திரும்பி வந்து துரியின் கையிலிருந்து டீஸ்பூனை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நான் வர்றவரைக்கும் சும்மா இரு. என்ன கேட்டாலும் சரி. கேக்குதா?"

துரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படிக்கட்டு குளிர்ந்திருந்தது. ஆகஸ்ட் மத்தியானத்தில் குளிர்ந்திருந்தது. நடு மாடிக் கதவு ஒருக்களித்துத் திறந்திருக்க, இடுக்கில் சோம்பு வாசம் கனமாக, மூக்கை அடைக்கிற அளவுக்குக் கனமாக நின்றது. அதற்கு அடியில் ஈர மண்ணின் வாடை, இன்னும் அடியில் பழைய இரும்பின் வாடை. அவள் கதவைத் தள்ளினாள். அடுப்படியில் வெளிச்சம் இல்லை. வாளிகள், பாட்டில்கள், குழம்புச் சட்டி, காப்பிக் கோப்பை, பூச்சாடி, சாம்பல் கிண்ணம். ஒவ்வொன்றும் விளிம்புவரை நிறைந்திருந்தது. ஒரு சொட்டு கூடினாலும் வழியும். வழியவில்லை.

தரை காய்ந்திருந்தது. ஓடுகள் ஒன்றும் உடையவில்லை.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் லிபோரியோவின் செருப்புகள். அருகருகே. ஆள் நிற்கிற மாதிரி, மூக்கு சுவரைப் பார்த்து.

அவர் இல்லை.

"பெரியவரே?"

வாளிகளில் வளையங்கள் ஓடின. எல்லா வாளியிலும். கோப்பையிலும்.

டங்.

காலுக்கு அடியில்.

அவள் மூச்சைப் பிடித்தாள். இப்போது நடு மாடி பதில் சொல்ல வேண்டும். நடு மாடியில் அவள்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் கை அசையவில்லை.

டங், டங்.

அதுவும் கீழிருந்து. அதே ஆழத்திலிருந்து. அருகருகே.

பிறகு காத்திருந்தது.

மூன்றாவது வீட்டுக்காக.

மூன்று தட்டு வராது. டீஸ்பூன் பையில் இருக்கிறது. விரல்களால் தொட்டுப் பார்த்தாள். இருக்கிறது. பதில் தட்டாதவருக்கு வேண்டாம் என்று அர்த்தம். வேண்டாம். எங்களுக்கு வேண்டாம். புண் ஆறாவிட்டால் ஆறாமல் போகட்டும். நாளைக்கு வண்டி வரட்டும். வேண்டாம்.

மேலிருந்து ஒரு சத்தம். இரும்பில் இரும்பு படுகிற சத்தம் இல்லை. அதைவிட மெல்லியது. தங்கம் படுகிற சத்தம்.

இரண்டு வேகமாக. கொஞ்சம் பொறுத்து, வழுக்கினாற்போல, மூன்றாவது.

மோதிரம்.

இடது கையில் கல்யாண மோதிரம்.

"துரி!"

படி. படி. இடுப்பு சுருக்கென்று பிடித்தது. கைப்பிடியைப் பற்றி இழுத்துக்கொண்டு ஏறினாள். சுவருக்குள் அவளோடு கூடவே ஏதோ ஏறியது. அவள் நின்றால் நின்றது. அவளைவிட ஒரு படி முன்னால்.

கதவு.

கட்டில்.

விரிப்பு வெள்ளைவெளேரென்று. காய்ந்து. சுத்தமாக. நடுவில் ஓர் ஆள் படுத்த பள்ளம். பள்ளத்தில் கை வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது.

வாளிகள் நிறைந்திருந்தன. அவள் பிழிந்துவிட்டுக் காலியாகக் கவிழ்த்து வைத்த வாளிகள். நிமிர்ந்து, நிறைந்து.

கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். ஓடுகள் ஒழுங்காக இருந்தன. அவற்றின் இடுக்குகளிலிருந்து குளிர்ந்த காற்று மெல்ல, சீராக, அவள் முகத்தில் பட்டது. பட்டது. நின்றது. பட்டது.

கீழே யாரோ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் பால்கனிக்கு ஓடினாள். தெருவை நோக்கிக் கத்தினாள். 

"யாராவது வாங்க! ஐயோ, யாராவது!"

சாத்திய சன்னல்கள். உச்சிப்பொழுதில் யாரும் சன்னல் திறப்பதில்லை. தெரு முழுக்க மூடிய இமைகள்.

அவளுக்குப் பின்னால், சுவருக்குள், தட்டு தொடங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. வரிசை தப்பாமல், பழைய நாட்களைப் போல, பலமாக. அவளுடைய கட்டடத்தைத் தாண்டி, அறுத்துப்போட்ட இரும்பு வழியாக, பள்ளத்து வீடுகளை நோக்கி.

எதிர்வீட்டில் ஏதோ உருண்டது. ஒரு பெண் தூக்கக் கலக்கத்தில் கத்தினாள்: "தண்ணி வந்துருச்சுடா! எந்திரிங்க, வாளிய எடுங்க!"

"தட்டாதீங்க!" அசுந்தா கம்பியைப் பிடித்துக் குலுக்கினாள். "வேண்டாம், பதில் தட்டாதீங்க!"

டங்.

எதிர்வீடு. சந்தோஷமான கரண்டி.

டங், டங். அதன் நடு மாடி. அடுத்த கட்டடம். அதற்கடுத்தது. வாரக்கணக்காகத் தண்ணீர் காணாத வீடுகள். ஒரு குழந்தை சிரித்தது. பாத்திரங்கள் மோதின. மரச் சன்னல்களுக்குப் பின்னால், இருட்டுக்குள், தெரு முழுவதும் கரண்டிகள். யாரும் விட்டுப்போகாமல். நான் இருக்கிறேன். நான் இருக்கிறேன். எனக்கும்.

கீழே வெயிலில் காய்ந்து கிடந்த சிவப்பு வட்டங்களில் ஒன்று நடுவில் கறுத்தது. ஈரம் பரவி விளிம்பைத் தொட்டது. அதற்கடுத்த வட்டம். அதற்கடுத்தது. எங்கிருந்தோ ஒரு குருவி இறங்கி வந்து அலகை நீட்டியது. குடிக்காமல் பறந்துவிட்டது.

அசுந்தா திரும்பி நடந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். 

துரி இல்லத்துக்குப் போகவில்லை. வீட்டில்தான் இருக்கிறான்.

காலுக்கு அடியில், வெகு பக்கத்தில், இரண்டு வேகமாக. கொஞ்சம் பொறுத்து, மூன்றாவது.

பிறகு அமைதி. காத்திருக்கிற அமைதி.

ஏப்ரன் பைக்குள் அவள் கை டீஸ்பூனைத் தேடிப் பிடித்திருந்தது.